தலைக்கணக்கும் நிலக்கணக்கும்

2024ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை எங்கும் குடிசன மதிப்பு நிகழ்ந்தபொழுது, எமது ஒழுங்கைக்கும் கணக்கெடுப்பாளர் ஒருவர் வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் புவியியல் பயின்ற மாணவர் அவர். அயல் வீட்டு ஆச்சிக்குக் கண் பார்வை சற்றுக் குறைவாதலால், துணைக்கு எம்மையும் அழைத்துச் சென்றார். திண்ணையில் அமர்ந்து, கைக்கணினியைத் திறந்து, ஒவ்வொரு வினாவாகக் கேட்கத் தொடங்கினார்.

வயதைக் கேட்டதும் ஆச்சி சிறிது நேரம் யோசித்தார். "தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலுக்கு எனக்குப் பத்து வயசு, தம்பி" என்றார். அப்புயல் 1964 டிசெம்பரில் வீசியது. நமது மாணவர் மனத்துள் கணக்கிட்டு எழுபது எனப் பதிந்தார்.

அடுத்ததாக, வீட்டில் வதிவோர் பெயர்களைக் கேட்டார். ஆச்சி தம் பெயரையும் மகளின் பெயரையும் பேரப்பிள்ளைகள் இருவரின் பெயரையும் சொல்லிவிட்டு, "மூத்தவனையும் எழுதுங்கோ தம்பி" என்றார்.

"அவர் இப்ப எங்கை இருக்கிறார், ஆச்சி?"

"கனடாவிலை. போய் இருபத்தைஞ்சு வருசம்."

"அப்ப இந்தக் கணக்கிலை அவர் வரமாட்டார், ஆச்சி."

"ஏன் வரமாட்டான்? நான் பெத்த பிள்ளை எல்லோ!"

மாணவர் எம்மை நோக்கினார். வகுப்பறையில் பத்து நிமிடங்களில் விளக்கிவிடும் ஒரு செய்தியை அத்திண்ணையில் விளக்குதல் எளிதாக இருக்கவில்லை. ஆச்சியின் வினாவை முன்வைத்தே, ஒரு நாட்டின் நிலமும் மக்களும் எவ்வாறு எண்ணப்படுகின்றன, அவ்வெண்கள் எதற்குப் பயன்படுகின்றன என்பவற்றை இன்று வாசகர்களுடன் சிறிது ஆராய விழைகின்றோம்.

எண்ணும் வழக்கம்

நிலத்தையும் மக்களையும் எண்ணுதல் புதிய வழக்கமன்று. சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1001ஆம் ஆண்டளவில், நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்றே பெயர். அளவையின் நோக்கம் இறை விதித்தல். எத்துணை நிலம், எத்துணை விளைவு, எத்துணை வரி என்பதே அக்கணக்கு.

யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தரும் நிலங்களையும் குடிகளையும் பதிந்து தோம்புகள் எழுதினர். தோம்பு என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. எம்மூர் உறுதிகளை எடுத்து நோக்குவோர் இன்றும் காணியின் பெயருக்கருகில் அச்சொல்லைக் காணலாம். இத்தனை பரப்பு, இன்னின்ன எல்லை, இன்னார் பெயர் என்ற அந்தப் பதிவுகளினின்றே எமது முன்னோரின் வாழ்க்கையைப் பற்றிப் பல செய்திகளை ஆராய்ச்சியாளர் அறிகின்றனர். வரி வாங்குதற்காக எழுதிய ஏடு, பின்னாளில் வரலாற்றுக்குச் சான்றாயிற்று.

வரியையும் ஊழியத்தையும் கருதாது, மக்கள் அனைவரையும் ஒரே காலத்தில் எண்ணும் நவீன முறை இலங்கையில் 1871ஆம் ஆண்டிலே தொடங்கியது. அவ்வாண்டிலே தீவின் மக்கள் தொகை 24 இலட்சம். அதன்பின் பத்தாண்டுக்கு ஒரு முறையாகக் கணக்கெடுப்பு நடைபெற்றது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். இலங்கைச் சிவில் சேவைப் பரீட்சையில் 1875இல் சித்தியெய்திய முதல் இலங்கையர் அவரே. அவர் எழுதிய அறிக்கையில் வெறும் எண்கள் மட்டும் இல்லை. இத்தீவின் வரலாறு, மொழி, சமயம், பழக்க வழக்கம் ஆகியனவும் அதிலே விரிவாகக் கூறப்பட்டுள்ளன. அவ்வாண்டிலே தொகை 35 இலட்சத்து 65 ஆயிரமாக உயர்ந்திருந்தது.

1941இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு உலக யுத்தம் காரணமாக 1946க்குத் தள்ளிப் போயிற்று. பின்னர் 1953, 1963, 1971, 1981 ஆகிய ஆண்டுகளில் மக்கள் எண்ணப்பட்டனர். 1981இல் தொகை 1 கோடியே 48 இலட்சம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அது 2 கோடியே 17 இலட்சத்துக்கு மேல்.

படம் இன்றேல் எண் இல்லை

மக்களை எண்ணுதற்கு முன் நிலத்தைப் படமாக வரைதல் வேண்டும். இஃது ஏன் என்று மாணாக்கர் வினவுவர். ஒருவரையும் விட்டுவிடாமலும், ஒருவரை இருமுறை எண்ணாமலும் இருத்தலே கணக்கெடுப்பின் முதல் விதி. என் பகுதி எங்கே முடிகிறது, அடுத்தவர் பகுதி எங்கே தொடங்குகிறது என்று கணக்கெடுப்பாளர் அறியாராயின், இடைப்பட்ட ஒழுங்கையிலுள்ள வீடுகள் இருவராலும் எண்ணப்படும். அல்லது இருவராலும் விடப்படும். ஆகவேதான் 25 மாவட்டங்களும், அவற்றுள் அடங்கிய 14 ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகளும், மேலும் சிறு சிறு கணக்கெடுப்புத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு படம் உண்டு. முதலில் கட்டடங்களை எண்ணிப் பட்டியல் செய்கின்றனர். அதன் பின்னரே ஆட்களை எண்ணுகின்றனர்.

இப்படங்களுக்கு அடிப்படை தருவது 1800ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களம். பழைய அளவையாளர் நாடு முழுவதையும் சங்கிலி பிடித்து அளந்தனரல்லர். சமதரையில் ஒரு நேர்கோட்டை மிக நுட்பமாக அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்திலுள்ள ஓர் உச்சியை நோக்கிக் கோணங்களை மட்டும் அளந்தனர். ஒரு பக்கமும் இரு கோணமும் தெரிந்தால் முக்கோணம் முழுவதும் தெரியும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவான். அம்முக்கோணத்தின் பக்கத்தின் மேல் மற்றொரு முக்கோணம், அதன் மேல் வேறொன்று என, தீவு முழுவதும் முக்கோண வலையாற் போர்க்கப்பட்டது. இலங்கைப் படங்களின் ஆள்கூறுகளுக்குப் பேதுருதாலகாலை மலையுச்சி இன்றும் மூலப்புள்ளியாய் நிற்கின்றது. சங்கிலிக்கும் கோணமானிக்கும் பின் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் வந்தன. இன்று செய்மதிகள் துணை செய்கின்றன. கருவி மாறினும் கேள்வி மாறவில்லை. இந்தப் பொருள் எங்கே இருக்கின்றது என்பதே அக்கேள்வி.

கணக்கின் மூன்று வாயில்கள்

மக்களைப் பற்றிய விபரங்கள் மூன்று வாயில்களால் வருகின்றன. முதலாவது, மேலே கூறிய குடிசன மதிப்பு. இரண்டாவது, பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு. இலங்கையில் இப்பதிவு முறை 1867இல் ஏற்பட்டது. குடிசன மதிப்புப் பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கும் புகைப்படம் என்றால், பதிவேடு நாள்தோறும் எழுதும் நாட்குறிப்பு. பழைய தொகையுடன் பிறந்தோரையும் வந்தோரையும் கூட்டி, இறந்தோரையும் சென்றோரையும் கழித்தால் புதிய தொகை கிடைக்கும். வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் இல்லத்தரசியர் அனைவரும் இச்சமன்பாட்டை நன்கு அறிவர்.

மூன்றாவது வாயில் மாதிரி ஆய்வு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நமது பழமொழி. ஒரு குடும்பம் அரிசிக்கு எவ்வளவு செலவிடுகின்றது, தொழிலின்றி இருப்போர் எத்தனை வீதம் என்பன போன்றவற்றை அறியச் சில ஆயிரம் வீடுகளைத் தெரிந்தெடுத்து விசாரித்தாற் போதும். ஆனால் ஒன்று: அடிப்பக்கம் குழைந்து மேற்பக்கம் வேகாதிருக்கும் பானையில், மேலே எடுத்த ஒரு சோறு பதம் சொல்லாது. நகரத்து வீடுகளை மட்டும் கேட்டுவிட்டு நாட்டின் நிலை இதுவென்று சொல்லுதல் அத்தகையதே. ஆதலினால் எல்லா வீடுகளுக்கும் தெரிவு செய்யப்படும் வாய்ப்பு இருக்குமாறு, குலுக்கல் முறையில் வீடுகளைத் தெரிதல் வேண்டும். குலுக்குதற்கு முழுப் பட்டியல் வேண்டும். அம்முழுப் பட்டியலைத் தருவதும் குடிசன மதிப்பே.

கூறும் விடையிலும் பிழை நேர்வதுண்டு. வயது கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என முழு எண்ணாகக் கூறுதல் மனித இயல்பு. அதனால் கணக்கேட்டில் ஐந்திலும் பூச்சியத்திலும் முடியும் வயதுகளில் மக்கள் கூட்டமாய் நிற்பர். அயல் வீட்டு ஆச்சி புயலைச் சொல்லியது போல, யாவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு வயதைத் திருத்துதல் கணக்கெடுப்பாளர் கையாளும் நல்ல உத்தியாகும்.

எண்கள் உயிர் காக்கும்

இவ்வளவு உழைப்பும் எதற்காக? ஓர் உதாரணம் கூறுவோம். 1934ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவ மழை பொய்த்தது. ஈர வலயத்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகியது. வறண்ட வலயத்து மக்களுக்கு மலேரியாக் காய்ச்சல் பழகிய நோய். ஈர வலயத்து மக்களுக்கோ அதனைத் தாங்கும் சக்தி இல்லை. 1934 இறுதியிலும் 1935இலும் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் மாண்டனர். மழைப்படத்தையும் ஆற்றுப்படத்தையும் இறப்புப் பதிவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கியபொழுதே, நோய் சென்ற வழி தெளிவாயிற்று.

1945, 1946 ஆண்டுகளில் டீ.டீ.ரீ. மருந்து தெளித்தல் பரவலாகத் தொடங்கியது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டிலேயே 14 ஆகக் குறைந்தது. உலகின் குடித்தொகை ஆராய்ச்சியாளர் பலரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இது. மருந்து மட்டுமோ, உணவும் வைத்திய வசதியும் கூடியமையுமோ காரணம் என்பதில் அவர்களிடையே வாதம் உண்டு. ஆயினும் அவ்வாதம் நிகழ்வதற்கே, கிராமந்தோறும் இறப்பைப் பதிந்துவந்த பதிவாளர்களின் ஏடுகள் வேண்டியிருந்தன.

பள்ளிக்கூடம் எங்கே வேண்டும், வைத்தியசாலைக்கு எத்தனை கட்டில் வேண்டும், எந்த வீதியை அகலிக்க வேண்டும் என்பனவெல்லாம் இவ்விரு கணக்குகளையும் பொருத்தியே தீர்மானிக்கப்பட வேண்டியவை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணக் கற்பாறையினுள் தேங்கும் மழை நீரே எமது கிணற்று நீர். ஒரு சதுர கிலோமீற்றரில் எத்தனை பேர் வதிகின்றனர், எத்தனை கிணறுகள் உள்ளன, எத்தனை மலகூடக் குழிகள் உள்ளன என்பதை ஒரே படத்தில் குறித்தாலன்றி, குடிநீரைக் காக்கும் வழியை நாம் காணமாட்டோம்.

எண்கள் ஆட்சியையும் வகுக்கும்

பாராளுமன்றத் தொகுதிகளை வகுப்பதிலும் இக்கணக்குக்கு இடமுண்டு. 1946ஆம் ஆண்டு வந்த சோல்பரி அரசியலமைப்பின்படி, 75 ஆயிரம் மக்களுக்கு ஓர் உறுப்பினரும், 1,000 சதுர மைலுக்கு ஓர் உறுப்பினரும் என்ற விதி இருந்தது. தெரிவு செய்யப்படும் 95 உறுப்பினருள் 25 பேர் நிலப்பரப்புக்காக வந்தோர். மக்கள் நெருங்கி வாழும் மேல் மாகாணத்துக்கு நிலப்பரப்பால் ஓர் இடமே கிடைத்தது. வட மாகாணத்துக்கும் கிழக்கு மாகாணத்துக்கும் நந்நான்கு கிடைத்தன. தலைக்கணக்கோடு நிலக்கணக்கும் சேர்ந்தே அன்று பிரதிநிதித்துவம் அமைந்தது.

இன்று மாவட்டங்களுக்கான இடங்களுட் பெரும்பாலானவை பதிவு பெற்ற வாக்காளர் தொகையைக் கொண்டு பங்கிடப்படுகின்றன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 உறுப்பினர் இருந்தனர், 2015இல் 7, 2024இல் 6. இவ்வெண்ணிக்கை குறைந்ததன் பொருள் யாது? வாக்காளர் இடாப்பில் ஒவ்வொரு பெயராக நீங்கியதன் விளைவே அது. கடல் கடந்து சென்றவர்களின் பெயர் நீங்கியது முறையே. ஆனால் ஊரில் இருந்தும் தம் பெயரைப் பதியாது விட்டவர்கள், தம் அயலாரின் பிரதிநிதியையும் குறைத்தவர் ஆவர்.

எண்ணப்படாத காலம்

மனத்துக்கு வருத்தந்தரும் ஒரு பகுதியையும் ஈண்டுக் கூறாது விடல் இயலாது. 1981க்குப் பின் 1991இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு யுத்தம் காரணமாக நடைபெறவே இல்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மாத்திரமே அது நிறைவு பெற்றது. வடக்கு, கிழக்கின் 7 மாவட்டங்களில் முற்றுப்பெறவில்லை. தீவு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது 2012ஆம் ஆண்டிலேதான். முப்பத்தொரு ஆண்டுகள்! இந்த இடைக்காலத்திலே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, தன் ஊரின் முழுமையான மக்கட்கணக்கை அறியாமலே பள்ளிக் கல்வியை முடித்தது. 2004 டிசெம்பர் 26இல் கடற்கோள் வந்து இத்தீவில் 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றபொழுது, வடகிழக்குக் கரையோர ஊர்கள் பலவற்றில் முன்பு எத்தனை பேர் இருந்தனர் என்பதற்கு ஒப்பிட்டு நோக்கப் புதிய கணக்கு இருக்கவில்லை.

2009இன் தொடக்கத்தில் வன்னியில் அகப்பட்டிருந்தோரின் தொகை பற்றி எழுந்த முரண்பாடு யாவரும் அறிந்தது. பெப்ரவரியில் அரசாங்கம் ஏறத்தாழ 70 ஆயிரம் பேர் என்றது. அங்கிருந்த அரச உத்தியோகத்தர் மூன்று இலட்சத்துக்கு மேல் என்றனர். அதன் பின்னர் மே மாதம் வரையில் உயிருடன் வெளியேறி வந்தோரே இரண்டு இலட்சத்தைத் தாண்டினர். உணவும் மருந்தும் எண்ணைப் பார்த்தே அனுப்பப்படும். எண்ணில் இடம்பெறாத குழந்தைக்குப் பாலும் இல்லை. எண்ணிக்கை என்பது ஏட்டுக் கணக்கன்று என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

1981இல் 11 இலட்சத்தைத் தாண்டியிருந்த வட மாகாணத்தின் தொகை, 2012இல் 10 இலட்சத்து 60 ஆயிரம் அளவாகியிருந்தது. அக்காலத்தில் நாடு முழுவதன் தொகை ஏறத்தாழ 55 இலட்சத்தால் உயர்ந்தது. சென்றோர் எத்தனை, மாண்டோர் எத்தனை, பிறவாது போனோர் எத்தனை என்பதெல்லாம் இவ்விரு எண்களுக்கும் இடையே அடங்கிக் கிடக்கின்றன.

மாணாக்கருக்கு ஒரு சொல்

ஓர் எண்ணைக் கண்டவுடன் நம்புதலும் தவறு. கண்டவுடன் பொய் என்று தள்ளுதலும் தவறு. யார் எண்ணினார், எப்பொழுது எண்ணினார், எந்த எல்லைக்குள் எண்ணினார், யாரை விட்டார் என்னும் நான்கு வினாக்களையும் கேட்டல் வேண்டும். எல்லை மாறினால் எண்ணும் மாறும். இன்றைய கிளிநொச்சி மாவட்டம் 1981இல் யாழ்ப்பாண மாவட்டத்துள் அடங்கியிருந்தது. அதனை மறந்து அன்றைய தொகையையும் இன்றைய தொகையையும் ஒப்பிடுபவர், உள்ள குறைவினும் பெரிய குறைவைக் கண்டு மயங்குவர். எல்லையைச் சரிசெய்து ஒப்பிட்ட பின்னும், 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் இருந்த தொகை 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரமாயிற்று என்பது உண்மை. அவ்வுண்மை போதும், மிகைப்படுத்த வேண்டுவதில்லை.

வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளரைக் கண்டு அஞ்சுவோரும் உளர். எண்ணப்படுதல் பிடிபடுதலாக இருந்த காலத்தை நாம் கண்டவர்கள், அவ்வச்சம் விளங்காததன்று. ஆயினும் குடிசன மதிப்பில் ஒருவர் கூறும் விபரத்தை வெளியிடுதல் சட்டத்தினால் தடுக்கப்பட்டுள்ளது. அச்சட்டம் பேணப்படுகின்றதா எனக் கண்காணிப்பதும், பேணப்படும்பொழுது உண்மையைக் கூறுவதும் நமது கடமைகள்.

இனி ஆச்சியின் திண்ணைக்கு மீள்வோம். வழக்கமாக எங்கே வதிகின்றாரோ அங்கேதான் ஒருவர் எண்ணப்படுவார் என்றும், மூத்த மகனைக் கனடா நாட்டார் தம் கணக்கில் எழுதியிருப்பர் என்றும் நாம் எடுத்துரைத்தோம். ஆச்சி அதனை ஏற்றுக்கொண்டார். "அங்கை எண்ணுகினம் எண்டால் சரிதான்" என்றார்.

சற்றுப் பொறுத்து, "அப்ப இளையவனை ஆர் எண்ணுகினம்?" என்று கேட்டார்.

இளைய மகன் 2009 மே மாதத்துக்குப் பின் காணப்படவில்லை. இறந்தார் என்று பதிய ஆச்சி இசையவில்லை. காணப்படவில்லை எனச் சான்று வழங்குதற்கு 2016ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வழி செய்தது. அதனையும் அவர் பெறவில்லை. இறந்தோர் ஏட்டிலும் அவர் இல்லை. இருப்போர் ஏட்டிலும் அவர் இல்லை. கூட்டல் கழித்தற் சமன்பாட்டைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எமக்கு, அவரை அதில் எவ்விடத்தில் வைப்பது என்று தெரியவில்லை.

எமது மாணவர் கைக்கணினியை மூடினார். ஆச்சியிடம் இளையவரின் பெயரையும் பிறந்த ஆண்டையும் கேட்டு, சட்டைப் பையிலிருந்த தம் சொந்தக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அக்கணக்கு எத்திணைக்களத்துக்கும் போகாது என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். ஆச்சி மாத்திரம், அவர் எழுதி முடிக்கும் வரையில் அப்பேனையையே நோக்கிக்கொண்டிருந்தார்.